மகே, மகேம: "என்னுடையது" என்று சொல்லப் பழகுவோம்

அண்டை வீட்டு மொழி – தொடர்



சென்ற மாதம் பெயர் சொல்லவும் ஊர் சொல்லவும் விலை கேட்கவும் பழகினோம். இந்த மாதம் இரண்டு விடயங்களைப் பார்ப்போம். ஒன்று, "இது என்னுடையது" என்று சிங்களத்தில் சொல்வது. மற்றது, அதையே "என்னுடையதுதான்" என்று அழுத்திச் சொல்வது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் இருக்கிறது நாவுல. இங்கே சந்தையிலும் பஸ்ஸிலும் பிரதேச செயலகத்திலும் அதிகம் கேட்பது சிங்களம்தான். போருக்குப் பிறகு இடம்மாறி இப்படியான ஊர்களில் வாழ்பவர்களும், வடக்கிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் அலுவலாகப் போய் வருபவர்களும் நம் வாசகிகளில் இருக்கிறார்கள். காணி, வீடு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கணவரைப் பற்றிய கேள்வி என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடைசியில் "யாருடையது?" என்ற கேள்விக்கு வந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு சொல் மாறினால் பொருள் முழுதும் மாறிவிடும். ஆகவே இந்தப் பாடத்தைச் சற்று ஆறுதலாகப் படியுங்கள்.

பாடத்துக்கு முன் ஒரு வார்த்தை. சிங்களம் படிப்பது நம்முடைய உரிமையை விட்டுக்கொடுப்பதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம், சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும், தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை தருகிறது. விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். ஆனால் தமிழ் தெரிந்த அலுவலர் வரும் வரைக்கும் நான்கு வசனம் நம் வாயில் இருந்தால் அது நமக்குக் கைத்தடி.

உச்சரிப்பு: கீழே வரும் "மகே" என்பதில் உள்ள "கே"யை "அங்கே" என்று சொல்லும்போது வரும் "கே" போலச் சொல்லுங்கள். "மட்ட" என்பதில் டகரத்தை அழுத்துங்கள், ஆனால் இழுக்க வேண்டாம். கேள்வியின் முடிவில் வரும் "த" என்பது "வந்த" என்பதில் வரும் த. "தமயி" என்பதில் வருவது "தம்பி"யில் வரும் த.

1. ஆட்களுக்கு "கே"

தமிழில் "உடைய" என்று சொல்வோம். பேச்சில் "என்ர", "அம்மான்ர" என்போம். சிங்களத்தில் அதற்கு "கே" போதும்.

மகே – என்னுடைய
ஒயாகே – உங்களுடைய (பழகியவரிடம்)
நோனாகே – அம்மாவுடைய (மரியாதையாக ஒரு பெண்ணிடம்)
எயாகே – அவருடைய
அம்மாகே – அம்மாவுடைய
லமயாகே – பிள்ளையுடைய
அபே – எங்களுடைய (இதற்கு மட்டும் "கே" இல்லை)

"மகே நம" என்றால் என் பெயர். "லமயாகே நம" என்றால் பிள்ளையின் பெயர். "யாருடையது?" என்று கேட்க "காகேத?" என்பார்கள். "மேக்க காகேத?" இது யாருடையது? "மேக்க மகே." இது என்னுடையது. அவ்வளவுதான். தமிழைப் போலவே, நடுவில் வேறு வினைச்சொல் எதுவும் தேவையில்லை.

சிங்களத்தில் வீட்டுக்கும் "கே" என்ற சொல் உண்டு. "மகே கே" என்றால் என் வீடு. உடைமையைக் காட்டும் இந்த "கே"யே வீடு என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்று மொழியை ஆராய்ந்தவர்கள் கூறுவர். இதை நினைவில் வைத்தால் சொல் மறக்காது.

2. பொருட்களுக்கு "ஏ"

ஆளுக்கும் மிருகத்துக்கும் "கே" வரும். உயிரில்லாத பொருளுக்கு அது வராது. சொல்லின் முடிவு "ஏ" என்று மாறும்.

இடம – காணி; இடமே ஒப்புவ – காணியின் உறுதி
கம – கிராமம். கமே பார – கிராமத்தின் பாதை
பொத்த – புத்தகம். பொத்தே நம – புத்தகத்தின் பெயர்

இந்தச் சொற்களைப் பாருங்கள். "இடம" நம்முடைய "இடம்" போலவே ஒலிக்கிறது. "ஒப்புவ" என்ற சொல்லில் நம்முடைய "ஒப்பு" கேட்கிறது. காசுக்கு அவர்கள் சொல்வதும் "சல்லி"தான். முற்றிலும் அந்நியமான மொழி என்று பயப்பட வேண்டியதில்லை.

3. "எனக்கு இருக்கிறது"

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் "வைத்திருக்கிறேன்" என்பது போன்ற ஒரு தனி வினைச்சொல் வரும். தமிழில் "எனக்குக் காணி இருக்கிறது" என்கிறோம். சிங்களத்திலும் அப்படியே.

மட்ட இடமக் தியெனவா – எனக்கு ஒரு காணி இருக்கிறது
மட்ட கெயக் தியெனவா – எனக்கு ஒரு வீடு இருக்கிறது

ஐரோப்பாவின் நடுவில் ஹங்கேரி என்றொரு நாடு. அங்கும் இதே வழக்கம்தான். "எனக்கு வீடு இருக்கிறது" என்பதற்கு அவர்கள் "நெக்கெம் வொன் ஹாஸொம்" என்பார்கள். "நெக்கெம்" எனக்கு, "வொன்" இருக்கிறது, "ஹாஸொம்" என் வீடு. வீடு என்ற சொல்லின் முடிவிலேயே "என்" என்பதையும் ஒட்டிவிடுகிறார்கள். "என்னுடைய வீடு" என்று அழுத்த வேண்டுமானால் "நான்" என்ற சொல்லையும் முன்னால் வைத்து "ஒஸ் ஏன் ஹாஸொம்" என்பார்கள். ஹங்கேரியும் தமிழும் சிங்களமும் ஒரு குடும்பத்து மொழிகள் அல்ல. இருந்தாலும் உடைமையைச் சொல்ல எல்லாரும் "எனக்கு" என்றே தொடங்குகிறார்கள்.

ஆனால் சிங்களத்தில் ஒரு வித்தியாசம் உண்டு, கவனியுங்கள். பொருள் என்றால் "தியெனவா". உயிருள்ளது என்றால் "இன்னவா".

மட்ட லமயி தென்னெக் இன்னவா – எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்

பிள்ளைகளுக்கு "தியெனவா" போட்டால் அவர்களைக் கதிரை மேசை ஆக்கியதாகிவிடும்! சொந்தமாக இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. கையில் இருப்பதைத் தமிழில் "என்னட்ட இருக்கு" என்போமே, அதற்கு "மகே லங்க தியெனவா".

ஒப்புவ மகே லங்க தியெனவா – உறுதி என்னிடம் இருக்கிறது

இன்னுமொரு பயனுள்ள சொல் "அயிதி". சொந்தம், உரித்து என்று பொருள். "மே இடம மட்ட அயிதி" – இந்தக் காணி எனக்குச் சொந்தம். அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு நிறை அதிகம்.

4. நான்கு "இல்லை"கள்

இந்த மாதப் பாடத்தில் மிக முக்கியமானது இந்தப் பகுதி. பேச்சுத் தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிடுவோம். எழுத்தில் மட்டும் "அல்ல" வரும். சிங்களத்தில் பேச்சிலும் இரண்டும் வேறு.

இடம மகே நெவெயி – காணி என்னுடையது அல்ல
மட்ட இடமக் நெஹெ – எனக்குக் காணி இல்லை
ஒப்புவ மகே லங்க நெஹெ – உறுதி என்னிடம் இல்லை
ஒப்புவ நெதி வுனா – உறுதி தொலைந்துவிட்டது

நான்கையும் திரும்ப வாசியுங்கள். இடம்பெயர்ந்து ஓடியபோது உறுதியைத் தொலைத்த ஒரு பெண் சொல்ல வேண்டியது மூன்றாவதும் நான்காவதும். பதற்றத்தில் முதலாவதையோ இரண்டாவதையோ சொன்னால், தன் காணியைத் தானே மறுத்தது போலாகிவிடும். "நெவெயி" வந்தால் அல்ல. "நெஹெ" வந்தால் இல்லை. அதனால் வசனத்தை இப்படி முழுமையாகப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்:

ஒப்புவ மகே லங்க நெஹெ. யுத்தேதி நெதி வுனா. ஏத் இடம மகே.
(உறுதி என்னிடம் இல்லை. யுத்தத்தில் தொலைந்துவிட்டது. ஆனால் காணி என்னுடையது.)

உறுதி தொலைந்தால் உரித்துத் தொலைவதில்லை. பதிவுசெய்யப்பட்ட உறுதி என்றால் அது பதிவான காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். "மம ஆவே ஒப்புவே கொப்பியக் கன்ன" – நான் வந்தது உறுதியின் ஒரு பிரதி எடுக்க.

"நெதி வுனா" பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொருளைச் சொல்லும்போது அது "தொலைந்துவிட்டது". ஆளைச் சொல்லும்போது "இறந்துவிட்டார்" என்பதை மெதுவாகச் சொல்லும் வழி அது. ஆகவே கணவரையோ மகனையோ தேடிக்கொண்டிருக்கும் சகோதரி "நெதி வுனா" என்று சொன்னால், கேட்பவர் இறந்ததாகவே எடுத்துக்கொள்வார். காணாமற்போனவருக்கு "அத்துருதஹன் வுனா" என்று சொல்லுங்கள். சொல் நீளம்தான், ஆனால் இதை விட்டுவிடக் கூடாது. மரணச் சான்றிதழ் வேறு, காணாமற்போனவர் என்று வழங்கப்படும் சான்றிதழ் வேறு. இரண்டாவது வகை 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்தது. எதைக் கேட்கிறோம் என்பதை நம் வாயால் நாமே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

5. அழுத்திச் சொல்ல

இப்போது அழுத்தம். இதிலும் தமிழும் சிங்களமும் அக்கா தங்கை போல.

(அ) "தான்" என்பதற்கு "தமயி".
மம தமயி – நான்தான்
மேக்க தமயி மகே கெதர – இதுதான் என் வீடு

(ஆ) "ம" சேர்த்தால் "சொந்த" என்ற அழுத்தம் வரும்.
மகே இடம – என் காணி
மகேம இடம – என் சொந்தக் காணி
இடம மகேம தமயி – காணி என்னுடையதேதான்

(இ) "மட்டும்தான்" என்பதற்கு "வித்தரயி".
மட்ட தியென்னே மேக்க வித்தரயி – எனக்கு இருப்பது இது மட்டும்தான்

(ஈ) "உம்" என்பதற்கு "த்".
மகே நமத் லியன்ன – என் பெயரையும் எழுதுங்கள்

(உ) வினைச்சொல்லின் முடிவை மாற்றுதல்.
தமிழில் "நான் நாவுலயில் இருக்கிறேன்" என்பது சாதாரணமாகச் சொல்வது. "நான் இருக்கிறது நாவுலயில்" என்றால் ஊரை அழுத்துகிறோம். சிங்களத்தில் "இன்னவா" என்பது "இன்னே" ஆகும், "தியெனவா" என்பது "தியென்னே" ஆகும், "ஆவா" (வந்தேன்) என்பது "ஆவே" ஆகும். "மம இன்னே நாவுல." "இடம தியென்னே மகே நமட்ட." (காணி இருப்பது என் பெயரில்.)

கேள்வியிலும் இதே முறைதான். எந்தச் சொல்லில் சந்தேகமோ அதில் "த" ஒட்டும். நாவுலயிலிருந்து எலஹெரவுக்கும் ஒரு பாதை பிரிகிறது. பஸ்ஸில் ஏறுமுன், "மே பஸ் எக்க தம்புல்லட்டத யன்னே?" என்று கேளுங்கள். இந்த பஸ் தம்புள்ளைக்கா போகிறது? நம்முடைய "ஆ" எங்கே வருகிறதோ, அவர்களுடைய "த"வும் அங்கேயே வருகிறது.

அழுத்தம் என்றால் சத்தம் போடுவதல்ல. குரலை உயர்த்தினால் அலுவலர் முகம் மாறும். அதற்குப் பதில் "தமயி" போடுங்கள், முடிவில் "மஹத்தயா" அல்லது "நோனா" சேருங்கள். "இடம மகே தமயி, மஹத்தயா." உறுதியும் இருக்கும், மரியாதையும் இருக்கும். இன்னும் மென்மையாக வேண்டுமானால் "நே" சேர்க்கலாம். "மேக்க மகே நே" – இது என்னுடையதுதானே.

சிரிப்புக்கு ஒன்று. "மஹத்தயா" என்றால் ஐயா. "மகே மஹத்தயா" என்றால் என் கணவர். அலுவலரை அழைக்கும்போது "மகே" சேர்த்துவிடாதீர்கள்!

6. "எங்கட" என்பதில் ஒரு கவனம்

நாம் "எங்கட அம்மா", "எங்கட வீடு" என்று சொல்வது போல, சிங்களவர்களும் "அபே அம்மா", "அபே கெதர" என்றுதான் பேசுவார்கள். அன்றாடப் பேச்சுக்கு அது அழகு. அலுவலகத்தில் மட்டும் அது போதாது. "அபே இடம" என்றால் "எங்கள் குடும்பத்துக் காணி". அடுத்த கேள்வி வரும்: "காகே நமட்டத தியென்னே?" யார் பெயரில் இருக்கிறது?

நம்மில் பலர் சீதனமாக வந்த காணியைக்கூட "அவற்ற காணி" என்று சொல்லிப் பழகியவர்கள். அதையே சிங்களத்தில் "எயாகே இடம" என்று சொன்னால், படிவத்தில் அவருடைய பெயர்தான் ஏறும். உங்கள் பெயரில் இருப்பது "மகே இடம". இருவர் பெயரிலும் இருந்தால் "அபே தென்னாகே இடம", எங்கள் இருவருடைய காணி. அவர் பெயரில் மட்டும் இருந்தால் அதையும் உள்ளபடி சொல்லி, உங்கள் உரித்து என்ன என்று கேளுங்கள்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளி பெயரிடப்படாத அரச காணிக்குப் பிள்ளைகளில் ஆண்களுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண்–பெண் வேறுபாட்டை நீக்கியது. சட்டம் "மகளும்தான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நாமும் சொல்லப் பழக வேண்டும்.

7. மாதிரி உரையாடல்

அலுவலர்: நோனா, மே இடம காட்டத அயிதி? (அம்மா, இந்தக் காணி யாருக்குச் சொந்தம்?)
பெண்: மட்ட அயிதி, மஹத்தயா. (எனக்குச் சொந்தம், ஐயா.)
அலுவலர்: காகே நமட்டத தியென்னே? (யார் பெயரில் இருக்கிறது?)
பெண்: மகே நமட்ட தமயி தியென்னே. (என் பெயரில்தான் இருக்கிறது.)
அலுவலர்: ஒப்புவ தியெனவத? (உறுதி இருக்கிறதா?)
பெண்: மகே லங்க நெஹெ. யுத்தேதி நெதி வுனா. ஏத் இடம மகே. (என்னிடம் இல்லை. யுத்தத்தில் தொலைந்துவிட்டது. ஆனால் காணி என்னுடையது.)
அலுவலர்: நோனாகே மஹத்தயா கொஹெத? (உங்கள் கணவர் எங்கே?)
பெண்: மகே மஹத்தயா அத்துருதஹன் வுனா. (என் கணவர் காணாமற்போய்விட்டார்.)
அலுவலர்: லமயி இன்னவத? (பிள்ளைகள் இருக்கிறார்களா?)
பெண்: ஒவ், லமயி தென்னெக் இன்னவா. (ஆம், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

இதை இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒருவர் அலுவலர், மற்றவர் நீங்கள். பிறகு மாறிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரையே ஆசிரியர் ஆக்கலாம். கணவர் பற்றிய கேள்வி சிலருக்கு மனதைத் தொடும். அப்படியானால் அந்த வரியைக் கடைசியாக, நம்பிக்கையான ஒருவருடன் இருக்கும்போது பழகுங்கள். அலுவலகத்தில் முதல்முறையாகச் சொல்வதைவிட, தோழியிடம் பத்து முறை சொல்லிவிட்டுப் போவது நல்லது.

8. பயிற்சி

சிங்களத்தில் சொல்லுங்கள்.
அ. இது யாருடையது?
ஆ. இது அம்மாவுடையது.
இ. எனக்கு ஒரு வீடு இருக்கிறது.
ஈ. இது என்னுடையது அல்ல.
உ. இதுதான் என் பெயர்.
ஊ. என் பெயரையும் எழுதுங்கள்.

விடைகள்: அ. மேக்க காகேத? ஆ. மேக்க அம்மாகே. இ. மட்ட கெயக் தியெனவா. ஈ. மேக்க மகே நெவெயி. உ. மேக்க தமயி மகே நம. ஊ. மகே நமத் லியன்ன.

இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிழையாகச் சொன்னாலும் வெட்கப்பட வேண்டாம். தமிழ் பேச முயலும் சிங்களச் சகோதரியின் பிழையை நாம் எவ்வளவு அன்போடு கேட்கிறோம்!

அடுத்த மாதம் "வேண்டும்", "வேண்டாம்", "முடியாது" ஆகிய மூன்றையும் சொல்லப் பழகுவோம். அதுவரை தினமும் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்: மகே. மகேம. மகே தமயி.